செவுளைத் தூக்கிக் காட்டுகிற அக்கா

பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் இன்றைக்கு வந்த மீன். பழுப்பேறிக் கிடந்தால் ஐஸில் படுத்துத் தூங்கிய மீன். அக்காவிடம் மட்டும் அந்த வேலை நமக்குக் கிடையாது. நாம் குனிவதற்குள் அவரே கட்டைவிரலை விட்டுச் செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவார். நல்ல மீனுக்கும் காட்டுவார், கெட்ட மீனுக்கும் காட்டுவார்.

"இது நேத்தியது தம்பி. கொழம்புக்கு ஆவும், வறுவலுக்கு ஆவாது. அப்பால ஊட்டுக்குப் போயி என்னைத் திட்டிகினு இருக்காத."

பக்கத்துக் கடைக்காரம்மா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். அக்கா கண்டுகொள்ள மாட்டார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் பயாப்ஸி ரிப்போர்ட் டைப் அடிப்பவன் நான். பெயர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் பிழைப்பில் முதல் பாடம். வயது, ஆணா பெண்ணா, எந்த உறுப்பு. அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் வயதையும் உறுப்பையும் வைத்து அக்காவைச் சொல்லிவிட முடியுமா என்ன? அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

என் வேலையைப் பற்றி அவர் விசாரித்த விதமே தனி. சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரில இன்னா செய்ற நீ? ஊசி போடுவியா?"

"இல்லக்கா. ஆபரேஷன்ல வெட்டி எடுத்த சதையை எங்க மேடம் பூதக்கண்ணாடியில பாத்துச் சொல்வாங்க. நான் டைப் அடிப்பேன்."

கத்தி நின்றது. "வெட்டி, உள்ள இன்னா கீதுன்னு பாக்கறது?"

"ஆமா."

"அடப்பாவி, அப்போ நீயும் நானும் ஒரே தொழிலு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு வாடிக்கையாளன் இல்லை, கூட்டாளி.

ஒரே தொழில் என்று அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பெரிய மீன் எதை அறுத்தாலும் குடலை அப்படியே தூக்கிப் போட மாட்டார். இரைப்பையைக் கீறி, அது கடைசியாக என்ன தின்றது என்று பார்ப்பார். முழு நெத்திலி இருக்கும். குட்டி நண்டு இருக்கும். ஒருமுறை ஐஸ்கிரீம் கரண்டி ஒன்று இருந்தது. அதைக் கழுவித் தராசுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்திருந்தார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். "அக்கா, அது எதைத் தின்னா நமக்கென்ன, குடுங்கக்கா!" என்று கத்துவேன். "தெரிஞ்சிக்க வேணாமா? எங்கனா போய்ட்டு வந்துக்குது, இன்னா துன்னுச்சுன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் காலில் கட்டி கிளம்பியது.

இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் சிவப்புச் சிவப்பாக, நாலணாக் காசு அகலத்தில் வீக்கங்கள். தொட்டால் வலி. கூடவே கணுக்கால் மூட்டிலும் குடைச்சல். கெளுத்தி முள் குத்தியிருக்கும் என்றார் புருஷன். யானைக்கால் என்றார் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். சர்க்கரையாக இருக்கும் என்றேன் நான், பெரிய டாக்டர் மாதிரி. பக்கத்து கிளினிக்கில் வாதம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் தின்றார், வயிறு எரிந்ததுதான் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் புடவையை இழுத்து மூடிக்கொண்டிருப்பார்கள். அக்கா வருகிற ஆளுக்கெல்லாம் காலைக் காட்டி, "இது இன்னான்னு நெனைக்கிற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வித்தாள் மாதிரி ஊருக்கே காலை நீட்டி வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு கட்டி தானாக உடைந்து, எண்ணெய் மாதிரி எதுவோ ஒழுகியது. "தம்பி, இது சீழ் இல்ல. சீழு எனக்குத் தெரியும். இது கொழுப்பு. மீன் ஈரலைக் காச்சினா இறங்குமே, அந்த மாதிரி கீது" என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தோல் டாக்டர் ஒரு துளி சதையை வெட்டி எங்கள் லேபுக்கு அனுப்பினார். மேடம் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்தம்மா உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார்.

"நான் மீன் வாங்குற கடை அக்கா, மேடம்."

"வியாதி கால்ல இல்லப்பா. உடனே வயித்தை ஸ்கேன் பண்ணச் சொல்லு."

கணையத்தில் கொழுப்பைக் கரைக்கிற நீர் ஒன்று சுரக்கிறது. நாம் தின்பதைச் செரிக்க வைக்க வேண்டியது அது. அந்த நீரைச் சுரக்கிற செல்களிலேயே அபூர்வமாகப் புற்றுநோய் பிறப்பதுண்டு. அப்போது அந்த நீர் அளவு கடந்து ரத்தத்தில் கலந்து, எங்கேயோ இருக்கிற காலின் கொழுப்பைப் போய்ச் செரிக்கத் தொடங்குகிறது. மேடம் தன் சர்வீஸில் அதுவரை இரண்டே இரண்டு பேரைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறார். அக்கா மூன்றாவது. கணையத்தின் வால் பக்கத்தில் கட்டி, ஈரலுக்குப் பரவவில்லை. கணையப் புற்றுநோய் என்றாலே கைகழுவிவிடுகிற வகை இல்லை இது, சீக்கிரம் முழுசாக வெட்டி எடுத்தால் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள் என்றார் மேடம். ஊசி போட்டு எடுத்த சதையின் ரிப்போர்ட்டும் வந்தது. 'கார்சினோமா' என்கிற வார்த்தையை நாளைக்கு இருபது தடவை அடிக்கிற விரல்கள் என்னுடையவை. அன்றைக்கு மூன்று தடவை தப்பாக அடித்தன.

அக்காவுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. தி.நகரில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண். ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் அவளைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். நம் ஊரில் நோயாளிக்குச் சேதி கடைசியில்தானே போகும்! அவள் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, அம்மாக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா பயத்துலயே போயிடும். சாதாரணக் கட்டின்னு சொல்லிக்கினு கீறோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்கண்ணே."

டாக்டரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும், கையெழுத்து வாங்கும்போது சொல்லியே ஆக வேண்டும், அதுவரை நீங்களே பக்குவமாகப் பேசுங்கள் என்று விட்டுவிட்டார். தாயிடம் உள்ள பாசத்தில் செய்கிறாள், நான் என்ன சொல்ல? தலையாட்டினேன்.

வார்டில் அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மீன்வாடை இல்லாத அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவின் தையலை எட்டிப் பார்த்து, எத்தனை முடிச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸ்டெல்லாவை டீ வாங்கி வர அனுப்பினார்.

"நீதானே டைப் அடிச்ச?"

"ஆமாக்கா."

"சாதாரணக் கட்டியாம். அதுக்கு வயித்தை இங்கேர்ந்து இங்க கிழிக்கணுமாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. எல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கினு பேசுதுங்க. நீ நம்ம ஆளு. செவுளத் தூக்கிக் காட்டு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சாதாரணக் கட்டிதான்க்கா. பயப்படாதீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சில பேர் பழைய மீனின் செவுளுக்குச் சாயம் தடவிச் சிவப்பாக்கி வைப்பார்கள். அப்படிப்பட்டவர்களை அக்கா சந்தையில் நிற்க வைத்துத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன். என்னைத் திட்டவில்லை. "கலர் பூசின செவுளு" என்று மட்டும் மெல்லச் சொன்னார். பிறகு பையை எடுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

"சாதாரணக் கட்டின்னா இருந்துட்டுப் போவுது. தடைக்காலம் முடியப் போவுது, பெரிய போட்டெல்லாம் கெளம்பிடும். நான் கடைல இருக்கணும்."

அன்று சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், ஸ்டெல்லா காலில் விழுந்து பார்த்தாள். உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் சொன்ன பொய், அவரை ஆபரேஷன் கட்டிலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நல்ல ஆள் நான்!

பத்து நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை. மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "ரிப்போர்ட்டைப் பத்தி நீ பேசறது தப்பு. ஆனா பொய் பேசினது அதை விடத் தப்பு. அவங்களை என்கிட்ட கூட்டிட்டு வா, நான் சொல்றேன். ஈரலுக்குப் போறதுக்குள்ள வெட்டணும், ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்.

கடைக்குப் போனேன். அக்கா என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பி வஞ்சிரத்துக்குத் தண்ணீர் தெளித்தார். காலில் கட்டிகள் முன்னைக்கு அதிகம். துணி சுற்றிக் கட்டியிருந்தார்.

"அக்கா, மேடம் உங்களைப் பாக்கணும்ங்கறாங்க."

"இன்னாத்துக்கு? இன்னொரு தபா கலர் பூசவா? சொல்றதுன்னா நீ சொல்லு, இல்லாட்டி நடையைக் கட்டு. யாவாரத்தக் கெடுக்காத."

சொல்லிவிட்டேன். ஐஸ் பெட்டிக்கும் தராசுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "கேன்சர்க்கா" என்று சொன்னேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் அழவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தார். பிறகு கேள்விகள் வந்தன. அய்யய்யோ, எத்தனை கேள்விகள்!

"எங்க கீது?"

"கணையத்துல."

"அது எங்க கீது?"

"இரைப்பைக்குப் பின்னாடி."

"அதுக்கும் காலுக்கும் இன்னா சம்பந்தம்?"

சொன்னேன். கண் விரிந்தது. "கொழுப்புன்னு நான் அப்பவே சொன்னனா இல்லியா!" என்று பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் வெற்றியோடு சொன்னார். கேன்சர் என்று கேட்ட ஐந்தாவது நிமிஷம்! பிறகு என்னிடம் திரும்பி, "இத்தினி வருசமா மீன் அறுக்கறேன், அப்படி ஒரு சாமானை நான் பாத்ததேயில்லயே. மீனுக்குக் கீதா அது?" என்றார்.

எனக்கு எங்கே தெரியும்? மேடத்திடம் கேட்டேன். அவரும் தெரியாமல் புத்தகம் புரட்டிச் சொன்னார். பெரும்பாலான மீன்களுக்குக் கணையம் தனியாகத் தெரியாது, குடலோரமும் கொழுப்போரமும் தூவினாற்போல் கிடக்கும். சுறா மாதிரிச் சிலதுக்குத்தான் தனி உறுப்பாக இருக்கிறதாம். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் அக்காவே போன் செய்தார். "ஒடனே வா." போனேன். ஒரு சுறாவைப் பிளந்து, குடல் மடிப்பைப் பிரித்து வைத்திருந்தார். வெளிறிய நிறத்தில், நாக்கு மாதிரி மெல்லிசாக ஒன்று. மேடத்துக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆமாம், அதுதான் என்று பதில் வந்தது.

"இத்துனூண்டு சாமான்! இதுக்கா இவ்ளோ கலாட்டா" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி தம்பி. எந்த எடம்னு இப்போ தெரியுது. வெட்டட்டும்."

ஸ்டெல்லா என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆபரேஷன் நாளன்று வராந்தாவில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். ஏழு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, கணையத்தின் வாலையும் மண்ணீரலையும் எடுத்தாயிற்று, நல்லபடியாக முடிந்தது என்றபோது, அதே பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

தையல் பிரிக்க வந்த அன்று அக்கா நேரே லேபுக்கே வந்துவிட்டார். "என்னுதை நான் பாக்கணும்." மேடம் சிரித்துவிட்டு அனுமதித்தார். ஜாடி மூடியைத் திறந்ததும் அக்கா மூக்கைச் சுளித்தார். "பார்மலின்! இந்த வாடை எனக்குத் தெரியும். இத்தப் போட்ட மீனை நான் தொடவே மாட்டேன்." அப்புறம் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அதே வஞ்சிரம் பார்க்கிற பார்வை.

"நல்லா வெட்டிக்கீறாரு. கெட்டதை ஒட்டி வெட்டாம, நல்ல சதையோட ஓரம் உட்டு வெட்டிக்கீறாரு. அழுகல் மீனை நானும் இப்படித்தான் வெட்டுவேன்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓரங்களில் நோய் இல்லை என்று அன்று காலையில்தான் ரிப்போர்ட் முடித்திருந்தோம்.

சில வாரங்களில் கால் கட்டிகள் வற்றின. காப்பிக்கொட்டை நிறத்தில் தழும்பு மட்டும் நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த மாத்திரைகள் முடிந்து கடைக்குத் திரும்பினார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு செவுள் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. முதலில் மீனுடையது. பிறகு புடவையை ஒரு சாண் தூக்கி, "பாத்துக்க, சுத்தமா கீது" என்று காலைக் காட்டுவார். இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. நடுவில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமும் ஆனது. மனிதனுக்குப் பேராசை வந்துவிடுகிறது. நான் கிட்டத்தட்ட மறந்தே போனேன்.

ஒரு மழைக்கால ஞாயிறு. சங்கரா கேட்டேன். எடை போட்டு, பையில் போட்டு நீட்டினார். நான்கு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து, பையைத் திறந்து, நானே செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

"இன்னா, எம்மேல நம்பிக்கை பூட்ச்சா?"

"நீங்க இன்னைக்குக் காட்டலையேக்கா."

ஐஸ் பெட்டியைத் தள்ளிவைத்து, புடவையைத் தூக்கினார். இடது காலில், பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, சிவப்பாக.

"மூணு நாளாச்சு. போன மாசந்தான் ஸ்கேனு சுத்தம்னாங்க. அவங்க மிசினுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன் பாரு" என்றார். அதில் ஒரு துளி பெருமை கூட இருந்தது, சத்தியமாக.

"ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா?"

"அவ ஏழு மாசம் முழுகாம கீறா. கொசுக்கடின்னு சொல்லிகினு கீறேன். கொழந்த பொறக்கட்டும், அப்பால பாத்துக்கலாம். நீயும் வாயத் தொறக்காத."

ஜன்னலைப் பார்த்துத் தலையாட்ட அங்கே ஜன்னல் இல்லை. "அது கலர் பூசின செவுளுக்கா" என்றேன்.

"போடா பேமானி!" என்று அவர் கத்தியதில் நாலு கடை தாண்டி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர், கையைக் கழுவி, போனை எடுத்தார்.

"ஸ்டெல்லா, கடை முடிஞ்சி நேரா நம்ம ஊட்டுக்கு வா... ஒண்ணும் இல்லடி, ஒனக்கு ஒண்ணு காட்டணும்."

ஈரலில் இரண்டு புள்ளிகள். இந்த முறை மருந்து மட்டும்தான். அக்கா அதையும் ஒரு வருஷம் இழுத்துப் பிடித்தார். ரத்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே காலைப் பார்த்து, "இந்த மருந்து புடிக்குது", "இது வேலைக்காவல, மாத்தச் சொல்லு" என்று டாக்டரிடம் சொல்வாராம். ஒரு முறை கூடத் தப்பவில்லை என்று டாக்டரே மேடத்திடம் வியந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, எந்த மீனுக்கு என்ன செவுள் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவள் நடக்கத் தொடங்கிய மாதத்தில் அக்கா போய்விட்டார். சாந்தோமில் அடக்கம். நான் வேறு எவரிடமும் மீன் வாங்கப் பிடிக்காமல் இரண்டு மாதம் கத்தரிக்காய் தின்றேன்.

போன வாரம் மேடம் ஒரு கட்டுரைக்காகப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார். இந்த அபூர்வக் கணையப் புற்றுநோயில் அவர் இதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வரி. பெயர் இல்லை. வயது, பால், அறிகுறிகள், சிகிச்சை, மீண்டும் வந்ததா, எதனால் கண்டுபிடிக்கப்பட்டது, முடிவு. மூன்றாவது வரியில் பெண், காலில் கட்டிகள், அறுவை சிகிச்சை என்று அடித்துக்கொண்டே வந்தேன். மீண்டும் வந்ததைக் கண்டுபிடித்தது என்கிற கட்டத்தில் மேடம் 'ஸ்கேன்' என்று எழுதியிருந்தார்.

பதினெட்டு வருஷத்தில் கொடுத்ததை ஒரு எழுத்து மாற்றி அடித்தவன் இல்லை நான். அன்று மாற்றினேன். 'நோயாளி' என்று அடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன்.

மேடம் பேனாவை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு வந்தவர், மூன்றாவது வரியில் நின்றார்.

"இது யார் மாத்தினது?"

"நான்தான் மேடம்."

"ஆதாரம்?"

"நான் பார்த்தேன் மேடம். அவங்க காட்டினாங்க."

மேடம் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு நாலாவது வரிக்குப் போனார்.